இந்தியாவிலிருந்து வந்த என் மெக்கானிக்

1

எனக்கு நீச்சல் தெரியாது. எட்டு வயதில் திருத்தணிச் சரவணப் பொய்கைப் படியில் பாசி வழுக்கி உள்ளே போனவனை, மொட்டை போட வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். அன்றோடு நானும் தண்ணீரும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். அப்படிப்பட்டவன் நாற்பத்தெட்டாவது வயதில், இங்கிலாந்தின் தென்கரையில், இருபத்தெட்டு அடி நீளமும் இரண்டு பெரிய பெட்ரோல் இன்ஜின்களும் கொண்ட பழைய கடல் பந்தயப் படகு ஒன்றை வாங்கினேன்.

அசட்டுத்தனம்தான். ஆனால் இங்கே அந்த அசட்டுத்தனத்துக்கு ஒரு சங்கம் இருக்கிறது, செயலாளர் இருக்கிறார், மூன்று மாதத்துக்கு ஒரு பத்திரிகைகூட வருகிறது. நான் வெட்கப்பட வேண்டிய காரியம் அந்தப் பத்திரிகையில்தான் ஆரம்பிக்கிறது. அதில் என் படகைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பிறகு என் அக்காவும் அவள் கணவரும் இந்த நாட்டுக்கு வர விசா கேட்டபோது, அந்தக் கட்டுரையையும் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினேன். முப்பத்தேழு இணைப்புகளில் கடைசியாகச் சேர்த்த தாள் அது. அந்த ஒன்றைக் காட்டித்தான் இருவருக்கும் விசா மறுத்தார்கள்.

அக்கா ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. அவளுடைய ஒரே மகள் ஹேமா, என் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் குடியிருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் இல்லாமலே அவள் பிள்ளை பெற்றாள். மறுப்பு வந்த பிறகு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்தது; போன மாதம் திருத்தணியில் மொட்டை போட்டார்கள். நானும் போயிருந்தேன். எதற்குப் போனேன், என்ன கிடைத்தது என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

2

திருத்தணிக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று இங்கே வெள்ளைக்காரர்கள் கேட்பதில்லை. அவர்களுக்குத் திருத்தணி தெரியாது. ஊரிலிருந்து வருகிறவர்கள்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் நந்தியாறு மழைக்காலத்தில் சில நாள் ஆறாக இருக்கும். மிச்ச நாளில் மாடு மேயும்.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் நடுப்பக்கம் கிடைத்தது. அதில் ஒரு படகு. முழுப் படகும் தண்ணீரை விட்டு மேலே எழும்பியிருந்தது. அதன் நிழல் கீழே அலைமேல் கிடந்தது. உள்ளே ஹெல்மெட் போட்ட மூன்று பேர், அரக்கோணம் பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்கள்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படகு என்றால் தண்ணீரில் மிதப்பது என்றுதான் பாடப் புத்தகம் சொல்லியிருந்தது. மிதக்க மறுக்கும் படகை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கணக்கு நோட்டில் வைத்திருந்தேன். அந்த நோட்டில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

அவர்கள் ஏன் நின்றார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. உட்கார்ந்திருந்தால், படகு திரும்ப விழும்போது முதுகெலும்பு போய்விடும். அந்தக் காலத்து வேகப் படகுகளின் அடிப்பாகம் தட்டை. அலைமேல் அறைந்துகொண்டே ஓடும். அப்புறம் யாரோ அடிப்பாகத்தைக் கூர்மையாக, அரிவாள்மனை மாதிரிச் செய்து பார்த்தார்கள். அலையை அறைந்த படகு அலையை வெட்ட ஆரம்பித்தது. நான் உயிரை விடுவது அந்த முதல் தலைமுறைக் கூர்ப்படகுகள்மேல்தான். பந்தயத்தில் அவற்றை ஒரே ஆள் ஓட்டுவதில்லை. ஒருவர் சக்கரத்தைப் பிடிப்பார். இன்னொருவர் கையில் த்ராட்டில், அதாவது வேகக் கைப்பிடி. படகு காற்றில் எழும்பினால் புரொப்பெல்லருக்குத் தண்ணீர் கிடைக்காது. இன்ஜின் வெறி பிடித்தாற்போலக் கத்தும். அந்த நொடியில் த்ராட்டிலைக் குறைத்து, விழுகிற நொடியில் மறுபடி கொடுக்க வேண்டும். ஒரு நொடி தப்பினால் இன்ஜின் காலி. அதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது, காதால்தான் செய்ய வேண்டும் என்பார்கள்.

எனக்கு அந்தக் காது கிடையாது. எனக்கிருப்பது கண். வாரத்தில் ஐந்து நாள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறருடைய இழப்பீட்டு விண்ணப்பங்களைப் படிக்கிறேன். எந்தத் தாளைக் காட்டி எந்த விண்ணப்பத்தை மறுக்கலாம் என்று கண்டுபிடிப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன், நன்றாகச் செய்கிறேன் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேர்ந்த புதிதில், என் நைனா எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று சொல்லி விடுப்புக் கேட்டேன். மேலதிகாரி அரை நிமிடம் என்னையே பார்த்தார். அந்தச் சொல் இங்கே பால் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று பிறகு ஒரு பெண் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சொல்லை இரண்டு முறை சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். என்ன எழுதுகிறேன் என்பதையும் சரிபார்த்திருக்கலாம்.

3

ஹேமா கல்யாணமாகி இங்கே வந்த முதல் கோடையில் அக்காவும் பாவாவும் இரண்டு மாதம் தங்க வந்தார்கள். அக்கா நேராக மகள் வீட்டுச் சமையலறைக்குள் போனாள். பாவா ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு வாரம் கழித்து எனக்கு போன்.

"மச்சான், ஒரு வாரமா கை கழுவிக்கினே இருக்கேன்பா. அழுக்கே ஆவ மாட்டுது."

பாவாவின் பெயர் முனிரத்தினம். பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஷெட் வைத்திருக்கிறார். தறி மோட்டார், பம்ப் செட், டிராக்டர், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் எல்லாம் அவரிடம்தான் வரும். எங்கள் வீட்டில் அக்கா புருஷன் என்றால் லேசான மரியாதை இல்லை. நைனா இருந்தவரை, அவர் உள்ளே வந்தால் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார். நாற்காலி காலியாக இருந்தாலும் நான் நிற்க வேண்டும்.

அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்து, படகுத்துறைக் கொட்டகையில் தார்ப்பாயை விலக்கிக் காட்டினேன். அடிப்பாகத்தின் கூர்மை, அலை வெட்டும் விதம், பந்தய வரலாறு என்று அரை மணி நேரம் பேசினேன். பாவா படகைச் சுற்றி வந்து இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"ஓடுதா?"

"இடது இன்ஜின் நாலு வருஷமா ஓடல பாவா. வலது ஓடும். புகை கசியும்."

"அப்ப இம்மாம் நேரம் இன்னா சொல்லிக்கினு இருந்த?"

மறுநாள் காலை கைலியோடு இன்ஜின் குழிக்குள் இறங்கினார். மூன்று வாரம் ஏறவில்லை என்றே சொல்லலாம். நான் செய்யச் சொல்லவில்லை, அவரும் செய்யலாமா என்று கேட்கவில்லை. மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால்கூட மிக்ஸியைக் கழற்றிப் பார்க்கிற மனிதர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவதுல வால்வு பேசுது" என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில்தான் கோளாறு இருக்கும்.

தீப்பொறி விழுகிற நேரத்தைச் சரிசெய்ய, இங்கே ஒளி விட்டுப் பார்க்கிற கருவி உண்டு. பாவா பர்ஸைத் திறந்து, திருத்தணி–பொதட்டூர்பேட்டை பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்தார். அதை இன்ஜினின் தொடுமுனைகளுக்கு நடுவே சொருகி மெதுவாக இழுத்தார். டிக்கெட் எந்த இடத்தில் விடுபட்டு வருகிறதோ அங்கே தீப்பொறி.

"இதாம்பா அளவு. இத்த விட மெல்லிசா உங்க ஊர்ல பேப்பர் கெடைக்காது."

அப்போது சங்கச் செயலாளர் டெரெக் பக்கத்தில் நின்றிருந்தார். எழுபது வயது, பழைய பந்தயங்களின் நினைவாக முதுகில் மூன்று ஆபரேஷன். அது என்ன கருவி என்று என்னைக் கேட்டார். இந்தியாவில் அளவுக்கென்றே தயாரிக்கிற தாள் என்றேன். பஸ் டிக்கெட் என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கூச்சம்.

தண்ணீரில் இறக்குகிற நாளன்று அக்கா ஹேமாவோடு வந்தாள். பையில் எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம். பெட்ரோல் படகில் ஆவி கனத்து அடியில் தங்கும். ஐந்து நிமிடம் விசிறியை ஓடவிட்டு அதை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். அக்கா இன்ஜின் மூடிமேல் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"ஏய், உள்ள வை அத்த," என்றார் பாவா. "பெட்ரோல் வண்டி. கொளுத்துனா நேரா முருகன் கிட்டதான்."

"அப்ப எலுமிச்சம்பழத்த எங்க வைக்கறது? சக்கரமே இல்ல?"

படகை ஏற்றி வந்த டிரெய்லருக்குச் சக்கரம் இருந்தது. அதன் அடியில் வைத்து நசுக்கினோம். கற்பூரம் கார் நிறுத்துமிடத்தில் எரிந்தது. டெரெக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

கடலில் நான் சக்கரத்தைப் பிடித்தேன், உயிர்காப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டு. யாரும் சொல்லாமலே பாவா த்ராட்டில் பக்கம் போய் நின்றார். தீவுக்குப் போகும் பெரிய கப்பல் ஒன்று எழுப்பிவிட்டுப் போன அலையில் படகு மேலே எழும்பியது. கணக்கு நோட்டில் வைத்திருந்தேனே, அந்தப் படம்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதால் எனக்கு அது தெரியவில்லை. டெரெக் பார்த்தார். கடலையே முதல் தடவை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிற மனிதர், படகு எழும்பிய நொடியில் த்ராட்டிலைக் குறைத்து, விழுந்த நொடியில் கொடுத்தார் என்று டெரெக் அன்று மாலைவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் கேட்டேன். "எப்படி பாவா இருந்துச்சு?"

"வண்டி நல்லா போவுது. ரோடுதான் சரியில்ல."

வலது இன்ஜினின் புகைக் கசிவை மட்டும் அவரால் சரிசெய்ய முடியவில்லை. கடைசி போல்ட் சுவரை ஒட்டி இருந்தது. எந்த ஸ்பேனரும் போகவில்லை. "அடுத்த தபா வர்றப்ப, இதுக்குனே ஒண்ணு வளைச்சிக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

4

கட்டுரைக்கு வருகிறேன்.

சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மெக்கானிக் உண்டு. "என் ஆள்" என்பார்கள். என் ஆள் அப்படிச் சொன்னார், என் ஆள் இப்படிச் செய்வார். எட்டு வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு தேநீர்க் கோப்பையோடு ஓரமாக நின்றவன் நான். டெரெக் கட்டுரை கேட்டதும் இரண்டு வார இறுதிகளைச் செலவழித்து எழுதினேன். படகு கட்டப்பட்ட பட்டறையின் பெயர், புரொப்பெல்லரின் வளைவு, பழைய ஓட்டுநர்களின் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. நடுவே ஒரு முழுப்பக்கப் படம்: முழங்கைவரை கிரீஸோடு, ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்மூடி நிற்கும் பாவா. அதன் கீழே இப்படி எழுதினேன்: "இந்தியாவிலிருந்து நான் வரவழைத்த என் மெக்கானிக். மூன்று வாரம், தினமும் எட்டு மணி நேரம் உழைத்தார். வலது இன்ஜினையும் சரிசெய்ய அடுத்த ஆண்டு திரும்ப வருகிறார்."

பாவாவின் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை.

என் ஆங்கிலத்தில் முட்டும் இடங்களைத் திருத்துவது மகள் தாரணியின் வேலை. பதினாறு வயது. என்னிடம் அவள் தமிழில் பேசுவது ஏதாவது தப்பாக நடக்கும்போது மட்டும்தான். படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்துவிட்டுத் தலை தூக்கினாள்.

"மாமாவ ஏன்பா மெக்கானிக்னு போட்டிருக்க?"

"மெக்கானிக்தானே?"

"அப்ப நீ ஆபீஸ் போனா, அத்தை உன்ன 'என் கிளார்க்'னு சொல்லலாமா?"

உனக்கு இந்த நடையெல்லாம் புரியாது என்றேன். அவள் இரண்டு காற்புள்ளிகளை எடுத்துவிட்டு எழுந்து போனாள். கட்டுரை வந்தது. டெரெக் என் முதுகில் தட்டி, உங்கள் ஆளை எங்களுக்கும் கொஞ்சம் கடன் கொடுங்கள் என்றார். சிரித்தேன்.

5

ஹேமா உண்டானதும், அக்கா, பாவா இருவரும் ஆறு மாதம் வந்து தங்குவது என்று முடிவாயிற்று. விண்ணப்பம் நிரப்பும் பொறுப்பு என்னுடையது. வேறு யாரிடம் போகும்? கல்லூரி நாட்களில் தாலுகா ஆபீஸ் எதிரே டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்து, பாதி ஊருக்கு மனு எழுதியவன் நான். அங்கே கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ரேஷன் கார்டு கேட்டால் ரேஷன் கார்டோடு, பள்ளிச் சான்று, தலையாரி கையெழுத்து, கோயில் தர்மகர்த்தா கொடுத்த நற்சான்று எல்லாவற்றையும் சேர்த்து நூலால் கட்டிக் கொடுக்க வேண்டும். "கூட ஒண்ணு இருக்கட்டும்" என்பது எங்கள் தாலுகாவின் தாரக மந்திரம். மேசைமேல் பொத்தென்று விழுகிற கட்டுக்கு அதிகாரி கொஞ்சம் பயப்படுவார்.

கேட்டது பன்னிரண்டு தாள். நான் முப்பத்தாறு சேர்த்தேன். பாவாவின் ஷெட்டுக்கு லைசென்ஸ், வீட்டு வரி ரசீது, ஹேமாவின் ஸ்கேன், இந்த நாட்டில் நான் கட்டிய வரிக்கான சான்று. இன்னும் ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றியது. அழைப்பவர் இங்கே மதிப்புக்குரிய மனிதர், உள்ளூர்ச் சங்கத்தில் எழுதுகிறவர் என்று காட்ட ஏதாவது. பத்திரிகை அலமாரியில்தான் இருந்தது.

"அது எதுக்கு?" என்றாள் என் மனைவி வசந்தி. ஸ்கேன் செய்துகொண்டிருந்த தாரணியும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கூட ஒண்ணு இருக்கட்டும்."

என் அலுவலகத்தில் இப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் பிழைக்கிறோம். கேட்ட தாளை மட்டும் கொடுக்கிறவரை ஒன்றும் செய்ய முடியாது. பெருமைக்காக ஒரு தாளைக் கூடுதலாக வைப்பவர்தான் எங்களுக்குத் தீனி. பத்தொன்பது வருடம் இதே வேலை. என் மேசையில் அந்தக் கட்டு வந்திருந்தால், அந்தப் பத்திரிகையை நான் ஐந்து நிமிடத்தில் எடுத்திருப்பேன்.

அவர்களும் எடுத்தார்கள். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. பார்வையாளராக வருகிறவர், ஊதியம் பெற்றோ பெறாமலோ, எந்த வேலையும் செய்யக் கூடாது. முந்தைய வருகையில் விண்ணப்பதாரர் மூன்று வாரம், தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்ததாக அழைப்பவரே அச்சில் தெரிவித்திருக்கிறார். மறுபடியும் அதே வேலைக்காக வரப்போவதாகவும் அவரே தெரிவித்திருக்கிறார். எனவே முனிரத்தினத்தின் வருகை நோக்கத்தை நம்ப இயலவில்லை. அழைப்பவரின் உறுதிமொழியையும் நம்ப இயலாததால் முனிரத்தினத்தின் மனைவிக்கும் அனுமதி மறுக்கப்படுகிறது. இனி எங்கே எப்போது விண்ணப்பித்தாலும் இந்த மறுப்பைக் குறிப்பிட வேண்டும்.

அவர் என் அக்கா புருஷன், விருந்தாளி, சும்மா இருக்க முடியாமல் செய்தார் என்று பதினோரு பக்கம் எழுதினேன். பதில் இரண்டு வரி. நான் அச்சில் எழுதியதை மாற்றி இப்போது வேறு சொல்கிறேன் என்று மட்டும் குறித்திருந்தார்கள். நானாக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஊருக்கு போன் செய்தேன். அக்கா எடுத்தாள். அதற்குள் ஹேமா கடிதத்தையும் கட்டுரையையும் தமிழில் படித்துக் காட்டியிருந்தாள்.

"விசா போனா போவுது, பெருமாள் மேல பாரத்தப் போட்டுட்டுப் போறேன்," என்றாள். குரல் உயரவில்லை. "என் புருஷன நீ வரவழைச்சியா? உன் மெக்கானிக்கா அவரு?"

"அக்கா, அது அங்க பேசற ஒரு விதம்..."

"அவரு வந்தா எழுந்து நின்னவன்தானடா நீ."

வைத்துவிட்டாள். அதுதான் கடைசி.

6

ஹேமாவுக்கு வலி எடுத்தபோது அவள் புருஷன் காரோட்ட, வசந்தி பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி நன்றாகவே பார்த்துக்கொண்டது. பையன் பிறந்தான். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பிட டோஸ்ட் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம், ஹேமா பையனோடு எங்கள் வீட்டில் இருந்தாள், அக்கா போன் திரையில் குடியிருந்தாள். சமையல் மேடையில் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்த போனிலிருந்து, "பூண்ட இன்னும் வதக்கு, பச்ச வாசன போவட்டும்" என்று வசந்திக்குச் சொல்வாள். வாசனை அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஹேமாவுக்கு வரவில்லை. அக்கா அங்கே பொதட்டூர்பேட்டையில் ஒரு தலையணையைக் காலில் போட்டு, மூக்கை இப்படி நீவு, தலையை இப்படி ஏந்து என்று காட்டிக்கொடுத்தாள். தலையணைக்கு மூக்கு நீவிக்கொண்டிருந்த என் அக்காவை, நான் கதவுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தரை கிரீச்சென்றது. அவள் நிமிர்ந்தாள். திரையில் என் தலை தெரிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் திரை இருட்டாக இருந்தது. குரல் மட்டும் வந்தது: "அவன் போயிட்டானா?"

போனேன். கொட்டகைக்குப் போய் படகுக்குள் உட்கார்ந்துகொண்டேன். இடது இன்ஜினைக் கிளப்பினால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். பாவா வைத்துவிட்டுப் போன தீப்பொறி நேரம் துளி நகரவில்லை. அந்த ஒழுங்கான சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் அணைத்துவிடுவேன். பிறகு கொட்டகைக்குப் போவதே குறைந்தது. பையனுக்கு ஒரு வயது ஆகப்போகிறது, ஊரில் மொட்டை என்றார்கள். நான் ஒரு முடிவெடுத்தேன். படகை டெரெக்குக்கு விற்றேன். அக்காவின் முன்னால் போய் நின்று, உனக்காக அதை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். விமானத்தில் பத்து மணி நேரமும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்தேன். மூன்று மாதிரி வைத்திருந்தேன். ஒன்றில் என் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

7

மொட்டை நல்லபடியாக முடிந்தது. பையன் தாத்தா மடியில் கத்தித் தீர்த்தான். அக்கா ஒரு வருடமாகக் காத்திருந்த கையால் அவன் தலைக்குச் சந்தனம் பூசினாள். என் பக்கம் திரும்பவில்லை. "வெயில்ல நிக்கறான் பாரு, தண்ணி வேணுமானு கேளு" என்று ஹேமாவிடம் சொன்னாள். ஹேமா என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்று ஹேமாவிடம் சொன்னேன்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் பொதட்டூர்பேட்டைக்குப் போனோம். சாப்பிட்டதும் பாவா ஷெட்டைத் திறந்தார். யாருடைய டிராக்டரோ காத்திருந்தது. நானும் பின்னால் போனேன். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு, என் பத்திரிகைப் பக்கம். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்த பாவா. கண்ணாடியின் மூலையில் குங்குமப் பொட்டு.

டிராக்டர்காரர் அதைக் காட்டிக் கேட்டார். "இன்னாண்ணா எழுதிகிது அதுல?"

"பெரிய மெக்கானிக்குனு எழுதிகிது," என்றார் பாவா. "மச்சான் எழுதனது. கடல்ல ஓடற வண்டி அது. இன்ஜினு ரெண்டு. ஒண்ணு நான் பண்ணேன், இன்னொண்ணு பாக்கி."

"உங்க பேரு எது?"

"பேரு இன்னாத்துக்கு? அதான் மூஞ்சி கீதே."

நான் அடுத்த கேள்வி வருவதற்குள் முந்திக்கொண்டேன். தயாரித்து வைத்திருந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. "பாவா, படகை வித்துட்டேன்."

"ஆங்?"

"வித்துட்டேன். அதனாலதானே இவ்வளவும். வேணாம்னு வித்துட்டேன்."

பாவா கழிவுப் பஞ்சை எடுத்து விரல் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"யாருக்கு? அந்தத் தொப்பிக்காரருக்கா?"

"ஆமா."

"வலதுல புகை?"

"அப்படியேதான் கசியுது."

"சொல்லிட்டு வித்தியா?"

"சொன்னேன் பாவா."

"அப்ப சரி."

மேசை டிராயரை இழுத்தார். உள்ளே எதையோ பார்த்தார். எடுக்காமல் மூடிவிட்டு, டிராக்டருக்குக் கீழே போனார். வெகு நேரம் வரவில்லை.

சாயங்காலம் ஊஞ்சல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தேன். அக்கா டீ டம்ளரைக் கொண்டு வந்து எனக்கெதிரே வைத்தாள். ஹேமாவிடம் கொடுத்து அனுப்பவில்லை, அவளே வைத்தாள்.

"வித்துட்டியாமே."

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து என்னிடம் சொன்ன முதல் சொல். என் குரல், ஒத்திகை பார்க்காமலே, தழுதழுத்தது. "உனக்காகத்தான்க்கா."

"நான் கேட்டனா?"

டீயைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது.

"கேக்காத பேப்பர வெச்ச. இப்ப கேக்காம வண்டிய வித்துட்டு வந்து நிக்கற. அந்த ஓரத்து போல்ட்டுக்குனு இரும்பக் காய்ச்சிக் காய்ச்சி ஸ்பேனர் பண்ணாருடா மனுசன். நாலு தபா அளவு வரல. அஞ்சாவதாதான் வந்துது. விசா இல்லனு ஆன பொறவுதான் பண்ணாரு, என்னைக்காவது வுடுவாங்கனு."

டீ கொண்டு வந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையிலிருந்து ஹேமாவிடமா என்னிடமா என்று தெரியாமல் ஒரு குரல் வந்தது.

"இனிமே அந்த ஸ்பேனர வெச்சித் தேங்காதான் ஒடைக்கணும்."